ஆயிரத்துப் பதினேழாம் ஆள்

லிஃப்ட் பழுது என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். அதைப் படித்த மாத்திரத்தில், இந்த வழக்கையே கைகழுவிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடலாமா என்று அண்ணிக்குத் தோன்றியது.

"என்ன அண்ணி, ஏறலாமா? இல்ல, குற்றவாளியைக் கீழ இறங்கி வரச் சொல்லி ஆள் அனுப்பலாமா?" என்றான் சின்னவன்.

சின்னவன் அவளுடைய கணவனின் தம்பி. வேறு எந்த வேலையும் அவனைத் தாங்கிக்கொள்ளாததால் அவளுடைய துப்பறியும் அலுவலகத்தில் உதவியாளன். அவன் வாய்க்கு வாய் அண்ணி, அண்ணி என்று கூப்பிடுவதைக் கேட்டு வாடிக்கையாளர்கள், வக்கீல்கள், இன்ஸ்பெக்டர் என்று ஒவ்வொருவராக அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். போன மாதம் கையும் களவுமாகப் பிடிபட்ட ஒரு பூட்டுடைக்கும் ஆசாமிகூட, "அடடா, அண்ணியா வந்திருக்கீங்க?" என்றுதான் முகம் வாடினான்.

அண்ணி கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். மூன்று மாடி. ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்கினாள். தூங்கி எழுந்த பிறகும் போகாத களைப்பு அது. மூன்று வழக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒத்துக்கொண்டதன் பலன்.

மேலே வராந்தா பெஞ்சில் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தாள். காலையில் அதிகாரியைச் சந்திக்க வந்தபோது பார்த்த அதே இடம், அதே பை, திறக்காத அதே தண்ணீர் பாட்டில். அண்ணியைக் கண்டதும் எழுந்தாள். கேட்க நினைத்ததை வாய்வரை கொண்டுவந்து விழுங்கிக்கொண்டாள்.

"இன்னும் முடியலம்மா. உக்காருங்க" என்றாள் அண்ணி. அவள் முகத்தைப் பார்த்துப் பேச அண்ணிக்குத் தெம்பு இல்லை.

அது தேர்வு அலுவலகம். ஆயிரக்கணக்கான பிள்ளைகள் எழுதவேண்டிய கணக்குத் தேர்வின் வினாத்தாள் முன்கூட்டியே வெளியாகி, தேர்வே ரத்தாகிவிட்டது. தலைமையிடத்திலிருந்து வந்த தணிக்கைக்காரர்கள் அலுவலகத்தின் பெரிய கம்ப்யூட்டரைக் குடைந்து, எல்லோரும் புழங்கும் பொது இடத்தில் ஒளித்து வைத்திருந்த ஒரு பிரதியைக் கண்டுபிடித்தார்கள். அந்த ஃபைலின் சொந்தக்காரர் என்று கம்ப்யூட்டர் காட்டியது ஒரு பெண்ணின் பெயரை. அவள் கல்லூரி முடித்து முதல் வேலைக்குச் சேர்ந்து இன்னும் முழுதாக ஒரு சம்பளம்கூட வாங்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள் அவளுடைய அம்மா. சாயங்காலம் அலுவலகம் மூடும்போது பெண்ணைப் போலீசில் ஒப்படைப்பது என்று தேர்வு அதிகாரி முடிவு செய்திருந்தார். அதற்குமுன் வெளியாள் ஒருவர் பார்த்துச் சரி என்று சொல்லிவிட்டால் தனக்குப் பாதுகாப்பு என்றுதான் அண்ணியைக் கூப்பிட்டிருந்தார்.

கம்ப்யூட்டர் அறையில் குளிர் எலும்பைத் தொட்டது. அண்ணிக்கு இந்தக் குளிரும் இரைச்சலும் பழக்கம்தான். துப்பறியக் கிளம்புவதற்கு முன்னால் இதே மாதிரி ஓர் அறையில் வருடக்கணக்கில் சம்பளத்துக்கு உட்கார்ந்திருக்கிறாள்.

உள்ளே மூன்று பேர். வாட்ச்சைப் பார்ப்பதையே வேலையாக வைத்திருந்த தேர்வு அதிகாரி. சுவரோரமாக நாற்காலி நுனியில் அந்தப் பெண். கம்ப்யூட்டர் முன்னால், அழுது சிவந்த கண்களோடு, அலுவலகம் முழுக்க 'சிஸ்டம்காரர்' என்று கூப்பிடும் மனிதர். அவர் பெண்ணின் சித்தப்பா. அவள் அப்பா இறந்த நாளிலிருந்து அந்தக் குடும்பத்துக்கு எல்லாமே அவர்தான். இந்த வேலையும் அவர் வாங்கிக் கொடுத்ததே.

"மேடம், எப்படியாவது காப்பாத்துங்க. போய்ச் சேர்ந்த எங்க அண்ணனுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?" என்றார் சிஸ்டம்காரர்.

"அழாதீங்க. எனக்குக் கொஞ்சம் புரியணும்" என்று நாற்காலியில் சரிந்தாள் அண்ணி. "இந்த மெஷின்ல புதுசா ஒரு ஆளைச் சேர்க்கறது யாரு?"

"நான்தான். எனக்குன்னு இல்ல, அதுக்குன்னு தனியா ஒரு ரோல் வச்சிருக்கோம். ஆளைச் சேர்க்கறது, எடுக்கறது எல்லாம் அந்த ரோல்தான் செய்யும்."

"ரோல்னா?" என்றான் சின்னவன்.

"நாடகத்துல வேஷம் மாதிரின்னு வச்சுக்கோ" என்றாள் அண்ணி. "வேஷம் தானா மேடைக்கு நடந்து வராது. ஒரு ஆள் தன் பேர்ல உள்ள வந்து, அப்புறம்தான் அதைப் போட்டுக்கணும். அந்த வேஷத்தைப் போட்டுக்க யாருக்கெல்லாம் அனுமதி?"

"எனக்கு ஒருத்தனுக்குத்தான் மேடம்" என்றார் சிஸ்டம்காரர். அழுகைக்கு நடுவிலும் குரலில் தொழில் பெருமை எட்டிப் பார்த்தது. "பாதுகாப்பு விஷயத்துல நான் ரொம்பக் கறார்."

அண்ணி பெண்ணின் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லும்மா."

"நான் எடுக்கல மேடம். அந்தத் தேதியில எனக்கு லாகினே கிடையாது. சேர்ந்த புதுசுல சித்தப்பா பக்கத்துல சும்மா உக்காந்து பாத்துட்டுதான் இருந்தேன்."

"மாட்டினவங்க எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. ஃபைல்ல பேர் இருக்கே!" என்றார் அதிகாரி.

"எனக்குச் சரியா ஞாபகம் வரலையே கண்ணு, என்னைக்குப் போட்டுக் குடுத்தேன்னு" என்று சித்தப்பா கையைப் பிசைந்தார்.

"அந்த ஃபைலைக் காட்டுங்க" என்றாள் அண்ணி.

திரையில் ஒரு வரி வந்தது. அளவு, தேதி, நடுவில் சொந்தக்காரரின் பெயர். பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

"பேர் வேண்டாம். நம்பரோட காட்டுங்க."

சிஸ்டம்காரர் கட்டளையை மாற்றி அடித்தார். பெயர் இருந்த இடத்தில் 1017 என்று வந்தது.

"இதென்ன அண்ணி, ஜெயிலுக்குப் போறதுக்கு முன்னாடியே கைதி நம்பர் குடுத்துட்டாங்களா?" என்றான் சின்னவன். யாரும் சிரிக்கவில்லை.

"மெஷினுக்குப் பேரெல்லாம் தெரியாதுடா. நம்பர்தான் தெரியும். பேர் நமக்காக மாட்டி வச்சிருக்கற போர்டு. இந்த மெஷின் முழுக்கத் தேடிப் பாருங்க சார், ஆயிரத்துப் பதினேழுக்குச் சொந்தமா வேற என்ன கிடக்குதுன்னு."

தேடல் ஓடியது. பெண்ணின் பயிற்சிக் குறிப்புகள் வந்தன. அவள் எழுதிப் பழகிய சின்னச் சின்ன புரோகிராம்கள். கடைசியில், யாரும் எட்டிப் பார்க்காத ஒரு மூலையிலிருந்து ஒரு புகைப்படம். திறந்து பார்த்தார்கள். பாஸ்போர்ட் அளவில், கன்னம் வரை முறுக்கிவிட்ட மீசையோடு ஒரு மனிதர் முறைத்தார்.

சின்னவன் படத்தையும் பெண்ணையும் மாறி மாறிப் பார்த்தான். "பொண்ணு வளர்ந்துட்டாளே!"

"இவனா! நம்ம பழைய ஆபரேட்டர் மீசைக்காரன்! வேலையை விட்டுட்டு வெளிநாடு போனானே!" என்று கத்தினார் அதிகாரி. "அவன் படம் எப்படி இவ பேர்ல?"

"அவர் போன பிறகு அவர் பேரை எடுத்திருக்காங்க. ஆனா அவர் விட்டுட்டுப் போன ஃபைல் எல்லாம் அங்கேயே கிடந்திருக்கு, நம்பரோட. அதே நம்பரை இந்தப் பொண்ணுக்குக் குடுத்ததும் அவர் சொத்து மொத்தமும் ஒரு நொடியில இவளுக்கு வந்துடுச்சு. படமும் வந்தது, வினாத்தாளும் வந்தது. வாடகைக்கு வந்தவ தலையில பழைய குடித்தனக்காரர் பாவத்தைக் கட்டியிருக்கீங்க."

பெண் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். சிஸ்டம்காரர் ஓடிப் போய் அவள் தலையை அணைத்துக்கொண்டார்.

"ஐயோ, என் தப்பு மேடம்! அவன் போன பிறகும் அவன் லாகின் கணக்கை மூடாம விட்டு வச்சிருந்தேன். எங்கேயோ உக்காந்துட்டு உள்ள புகுந்திருக்கான். அப்புறமா எடுத்துட்டேன். இவளைச் சேர்க்கும்போது காலியா இருந்த அந்த நம்பரை மெஷின் தானா தூக்கிக் குடுத்திருக்கு. எனக்குத் தோணவே இல்லையே!"

தேர்வு அதிகாரியின் முகம் மலர்ந்தது. கடல் தாண்டிப் போன ஒருவன் மேல் பழி விழுவதைவிட வசதியான முடிவு எந்த அலுவலகத்துக்கும் கிடையாது. "இதைத்தான் எதிர்பார்த்தேன். அறிக்கை தயார் பண்றேன். பொண்ணு, நீ வீட்டுக்குப் போம்மா. மேடம், கீழ டீ சாப்பிட்டுட்டு வாங்க, கையெழுத்துப் போட்டுடலாம்."

அண்ணி தலையாட்டினாள். ஏதோ ஒன்று உறுத்தியது. ஆனால் உறுத்துகிற எல்லாவற்றையும் குனிந்து எடுத்துப் பார்க்க அவளுக்குத் திராணி இல்லை. பெண் தப்பித்துவிட்டாள், அது போதும் என்று மனதைப் பூசி மெழுகிக்கொண்டு மூன்று மாடியும் இறங்கினாள்.

கீழே கேன்டீனில் டீக்கு டோக்கன். சின்னவன் பொத்தானை அழுத்தினான். எழுபத்து மூன்று என்று சீட்டு வந்தது. அவனுக்குப் பொறுக்கவில்லை.

"என்ன அநியாயம் அண்ணி! இங்க மொத்தம் நாலு பேர்கூட இல்ல. பாதிப் பேர் காத்திருந்து கடுப்பாகிப் போயிட்டாங்க. அவங்க நம்பரெல்லாம் சும்மாதானே கிடக்கு? அதுல ஒண்ணை எடுத்துக் குடுத்தா இந்த மெஷின் என்ன தேஞ்சா போயிடும்?"

கவுன்டர்காரர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார். "அது கடைசி நம்பருக்கு அடுத்ததைத்தான் குடுக்கும் சார். நடுவுல யார் எழுந்து போனாங்க, எது காலின்னு அதுக்கென்ன கவலை?"

அண்ணியின் கை டீ கிளாஸை நோக்கிப் போய்ப் பாதியில் நின்றது.

களைப்பு எவ்வளவு பெரிய எதிரி என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வருடக்கணக்கில் அதே வேலை செய்தவள். எத்தனை பேரைச் சேர்த்திருப்பாள், எத்தனை பேரை எடுத்திருப்பாள்! சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் ஒருவன் சொன்ன பொய்யைத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். தன்மேலேயே அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

"எழுந்திரு. மேல போகணும்."

"மறுபடியுமா? அண்ணி, டீயாவது..."

"வாடா!"

கம்ப்யூட்டர் அறையில் அதிகாரி அறிக்கையை எழுதிக்கொண்டிருந்தார். பெண் முகம் கழுவிவிட்டு வந்து பையை மாட்டிக்கொண்டிருந்தாள். சித்தப்பா அவளுக்குத் துண்டை நீட்டிக்கொண்டிருந்தார்.

"சார், ஒரு சின்ன வேலை" என்றாள் அண்ணி, வாசல் நிலையைப் பிடித்து மூச்சு வாங்கிக்கொண்டே. "மெஷின்ல புதுசா ஒரு ஆளைச் சேர்த்துக் காட்டுங்க."

"யாரை மேடம்?"

"இவனை."

"சம்பளம் உண்டா சார்? மாடி ஏறாத வேலையா இருந்தா நல்லது" என்றான் சின்னவன்.

சிஸ்டம்காரர் சிரிக்க முயன்றார். தன் பெயரில் உள்ளே வந்தார், பிறகு அந்த ரோலுக்கு மாறினார், ஆளைச் சேர்க்கும் கட்டளையை அடிக்க ஆரம்பித்தார்.

"நம்பர் எதுவும் போடாதீங்க. பேர் மட்டும் போதும். நம்பரை மெஷினே குடுக்கட்டும்."

விரல்கள் நின்றுவிட்டன.

"எதுக்கு மேடம் இதெல்லாம்? அதான் எல்லாம் முடிஞ்சுதே."

"முடிஞ்சுதுன்னா பயமென்ன? அடிங்க."

அதிகாரி பேனாவை மூடிவிட்டு எழுந்து வந்து நின்றார். வேறு வழியில்லாமல் சிஸ்டம்காரர் அடித்தார். சின்னவன் என்ற புதிய ஆள் பிறந்தான். அவனுடைய நம்பரைக் கேட்டார்கள். 1042 என்றது திரை.

"இப்ப எல்லார் நம்பரையும் வரிசையாக் காட்டுங்க. நடுவுல காலி இருக்கா சார்?"

அதிகாரி கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு விரலை வைத்துப் பார்த்தார். "இருக்கு. ஆயிரத்து ஒன்பது இல்ல. இருபத்து மூணும் இல்ல."

"ரெண்டு இடம் காலியா இருந்தும் மெஷின் அதைத் தொடல. இருக்கறதுலேயே பெரிய நம்பரைப் பாத்து, அதுக்கு அடுத்ததைக் குடுத்துச்சு. கீழ டீக்கடை டோக்கன் மாதிரிதான். இந்தப் பொண்ணு இங்க கடைசியாச் சேர்ந்தவ. நியாயமா அவளுக்கு வரவேண்டியது இந்த ஆயிரத்து நாற்பத்திரண்டு. அது அவளுக்காகவே காத்திருந்த மாதிரி இன்னும் காலியாவே இருந்திருக்கு. இவன் இப்ப எடுத்துக்கிட்டான்." அண்ணி சுவரில் சாய்ந்துகொண்டாள். "ஆயிரத்துப் பதினேழு தானா வராது சார். யாராவது கையால அடிச்சாத்தான் வரும்."

"யார் அடிச்சது?" என்று கேட்ட அதிகாரிக்குக் கேட்டு முடிக்கும்போதே பதில் தெரிந்துவிட்டது. மெதுவாகத் திரும்பினார். "அந்த ரோல் உங்க ஒருத்தருக்குத்தான்னு சொன்னீங்களே..."

சிஸ்டம்காரர் கீபோர்டிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

"மீசைக்காரர் எங்கேயோ நிம்மதியா இருக்கார். அவரை விட்டுடுங்க" என்றாள் அண்ணி. "அவர் போன பிறகு சும்மா கிடந்த கணக்குக்குள்ள நீங்க போயி வினாத்தாளை எடுத்தீங்க. அன்னைக்கே அது, தினமும் எல்லாத்தையும் நகல் எடுக்கற பேக்கப் டேப்ல ஏறி, டேப் தலைமையிடத்துக்குப் போயிடுச்சு. இங்க அழிச்சு பிரயோஜனம் இல்ல. டேப்ல நம்பர் இருக்கு. ஆள் இல்லாத நம்பர்னா, காலி வீட்டுச் சாவி யார்கிட்டன்னுதான் முதல்ல கேப்பாங்க. அதனால அந்த நம்பருக்கு அவசரமா ஒரு ஆள் வேணும். சரிதானே?"

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்த வேகத்தில் பத்து வயது கூடிவிட்டதுபோல் இருந்தது.

"என் பையன் மேடம். ஏற்கெனவே ஃபெயிலாகி, சாப்பிடாம ரூமுக்குள்ளயே கிடந்தான். ஒரே ஒரு தடவை கேள்வியைப் பாத்துக்கட்டும்னு குடுத்தேன். அவன் சிநேகிதனுக்கு அனுப்பிட்டான். சிநேகிதன் ஊருக்கே அனுப்பிட்டான்." பெண்ணின் பக்கம் அவர் பார்க்கவே இல்லை. "இவ புதுசு, சின்னப் பொண்ணு. தெரியாம தொட்டுட்டான்னு கண்டிச்சு விட்டுடுவாங்கன்னு நெனச்சேன். சத்தியமா அப்படித்தான் நெனச்சேன்."

"காலையில போலீஸ்னு சொன்னப்ப?" என்றாள் அண்ணி.



அதிகாரி போனை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போனார். அண்ணிக்கு வெற்றி என்று எதுவும் தோன்றவில்லை. தூங்கவேண்டும்போல் இருந்தது. அதைவிட அதிகமாக, இந்த அறையைவிட்டு அந்தப் பெண்ணை வெளியே கூட்டிப் போகவேண்டும்போல் இருந்தது.

பெண் அசையவில்லை. துண்டு இன்னும் அவள் கையில் இருந்தது.

"நீங்க அதை அடிச்சப்ப நான் பக்கத்துலதானே சித்தப்பா உக்காந்திருந்தேன்?"

"கண்ணு..."

"எனக்கு முதல் லாகின்னு ஒவ்வொரு எழுத்தா பாத்துட்டு இருந்தேன். நம்பர் கண்டிப்பாப் போடணுமான்னு கேட்டேன். தேவையில்ல, ஆனா இது நல்ல நம்பர், உனக்காகவே எடுத்து வச்சேன்னு சொன்னீங்க." அவள் குரல் உடையவில்லை. உடைந்திருந்தால் கேட்பவர்களுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். "நான் உங்களுக்கு தேங்க்ஸ் சொன்னேன்."

துண்டை மடித்து மேசைமேல் வைத்துவிட்டு அவள் வெளியே நடந்தாள்.

அண்ணியும் சின்னவனும் பின்னால் போனார்கள். கதவு திறந்த சத்தத்துக்கே அம்மா பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டாள். மகள் தோளில் பை மாட்டியிருப்பதைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. இரண்டு கையாலும் மகளின் முகத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், அழுதாள், மறுபடி சிரித்தாள்.

"விட்டுட்டாங்களா? எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும்!" என்றவள் மகளின் தோளுக்குமேல் எட்டி அந்தக் கதவைப் பார்த்தாள். "சித்தப்பா எங்கடி? உனக்காக அலைஞ்சதுல அவர் காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டாரு. அவரையும் கூப்பிடு, சேர்ந்தே போகலாம்."

மகள் அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். வழக்கமாக எந்த மௌனத்தையும் விட்டு வைக்காத சின்னவன் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றான்.

அண்ணி போய் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்த பையை நகர்த்தி இடம் பண்ணினாள்.

"கொஞ்சம் உக்காருங்கம்மா" என்றாள்.